போறன் என்று சொன்னவன்

மொன்றியலின் லாசாலில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மூன்றாம் மாடிவரை வளைந்து ஏறுகிற இரும்புப் படிக்கட்டு நான் வெல்டிங்கில் ஒட்டியது. அந்தத் தெருவில் மற்றப் படிகள் எல்லாம் குளிர்காலத்தில் முனகும். என்னுடையது முனகாது. கோயில் மடைப்பள்ளியில் புகையை மேலே இழுக்கிற தகரக்கூண்டும் நான் செய்ததுதான். அதற்கு முதல் ஐயர் கண்ணைக் கசக்கிக்கொண்டே பொங்கினார். ஒரு கந்தோர் குப்பைக்குப் போட்ட கோப்பு அலுமாரியைத் தூக்கிவந்து, லாச்சிகளில் ஓட்டை அடித்து, கலியாண வீட்டுக்கே காணும் இடியப்பத்தை ஒரே தரத்தில் அவிக்கிற பெட்டியாக்கினேன். துறைமுகப் பக்கம் கொள்கலன் இறக்கிய காலத்தில், குழந்தை வண்டிச் சில்லுகளைக் கழற்றிப் பூட்டி ஒரு தள்ளுவண்டி செய்தேன். மேலாள் அதைப் பார்த்து அதேபோல் பல செய்வித்தான். யாருடைய யோசனை என்று எங்காவது சொன்னானா என்றால், இல்லை.

ஏழாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைக் கண்டதில்லை. இதையெல்லாம் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு, இரும்பிடம் என்று சொல்வேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது பாண் வண்டியை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாண் சுடும் ஒரு வெதுப்பகம் கைவிட்ட லொறி, ஒரு வளவின் மூலையில் புல் முளைத்துக் கிடந்தது. இஞ்சினைப் பிரித்துப் பூட்டினேன். பக்கத் தகரத்தை வெட்டி ஜன்னல் வைத்தேன். உள்ளே கட்டில்கள், காஸ் அடுப்பு, சின்னக் குளிர்ப்பெட்டி, பற்றறிக் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் பெட்டி, கூரைமேல் தண்ணீர்ப் பீப்பா. நடுவில் ஓட்டை வெட்டிய கதிரையும் கீழே வாளியும் கக்கூசு. லொறிக்கு ஒரு பற்றறி, வீட்டுக்கு ஒரு பற்றறி. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தேன், பலம் கூடட்டும் என்று. அந்தப் பிணைப்பைப் பற்றிப் பிறகு பலர் பலதும் சொன்னார்கள். இன்றைக்கும் அது நல்ல யோசனை என்பதே என் முடிவு.

பக்கவாட்டில் வெதுப்பகக்காரன் எழுதியிருந்த PAIN என்ற நாலு எழுத்துகள் மட்டும் என்னோடு மல்லுக்கட்டின. பிரெஞ்சில் அதற்குப் பாண் என்று அர்த்தம். அதே நாலு எழுத்தை இங்கிலீஷில் வாசித்தால் நோவு. வெள்ளை மை இரண்டு தரம் அடித்து மூடினேன்.

"அத்தான், பிரெஞ்சுக்காரனுக்குக் கண்டா பசிக்கும், இங்கிலீஷ்காரன் கண்டா பயப்பிடுவான். நல்ல வேலை, மூடிப்போட்டியள்" என்றான் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் இருந்தான். தெப்பனர் என்கிற மூலைக்கடையில் நின்று நின்று பிரெஞ்சு பிடித்தவன். வாய் ஓயாதவன். சீனி வருத்தக்காரன், காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் நாள் ஓடும். அவனுடைய மருந்து குளிர்ப்பெட்டியில் இருக்கவேண்டும். இந்தக் கதையில் மறக்கக்கூடாத விசயம் அதுதான்.

கோடை முடியும் நேரம் நாங்கள் மூவரும் வடக்கே புறப்பட்டோம். கரண்டும் குழாயும் உள்ள முகாம்கள் வழியில் இருந்தன. மனைவி ஒவ்வொன்றையும் ஆசையோடு பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இதிலை நிப்பாட்டினா என்ன? ஆக்கள் இருக்கினம்."

"இன்னொருத்தன்ரை கரண்டைக் கொழுவுறதுக்கோ நான் இந்த வண்டியைக் கட்டினனான்?" என்றேன்.

வேலையிடத்தில் ஒரு கியூபெக்காரன் வழி சொல்லியிருந்தான். தார் முடிந்தபின் மரம் ஏற்றும் லொறிகளின் மண் ரோட்டில் ஏறு, ஏரி உன் இடக்கைப் பக்கமே வரட்டும், ஒரு வெளி வரும், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று.

அவன் சொன்னது சரி. யாரும் இல்லை. யாரும் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மொன்றியலில் மரம் இருந்தால் அணில் இருக்கும், தண்ணீர் இருந்தால் வாத்து இருக்கும். இங்கே ஏரி கறுப்பாக, சுருக்கமில்லாமல் கிடந்தது. கல்லை எறிந்தேன். விழுந்த சத்தம் வந்தது, வளையம் வரவில்லை. வந்திருக்கும், நீங்கள் கவனிக்கேல்லை என்றான் மச்சான். நான் கவனிக்காத ஆள் இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் மண் ரோட்டின் ஆட்டத்தில் மேல்தட்டு திறந்து மிளகாய்த்தூள் கட்டில், தலையணை, கதிரை, வாளி எல்லாவற்றிலும் படிந்திருந்தது. கதிரையை முதலில் பாவித்தவன் மச்சான். அவன் கத்திக்கொண்டு ஏரிக்குள் ஓடிய ஓட்டத்தை நினைத்து மனைவி பொழுதுபடும்வரை சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடிந்த இடத்தில்தான் அந்தக் குரல் முதலில் கேட்டது. ஏரியின் அக்கரையிலிருந்து, பெண் குரல்போல, இழுத்து, நடுவில் உடைந்து. இந்த நாட்டு ஏரிகளில் ஒரு நீர்ப்பறவை அப்படிக் கத்தும் என்று மச்சான் சொன்னான், கடையில் யாரோ சொன்னார்களாம். இருக்கலாம். மனைவி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது கேக்குது."

"என்னத்தை?"

"'வாறியோ' எண்டு."

அதற்குப் பிறகு எனக்கும் அப்படியே கேட்டது. வா... றி... யோ.

அடுத்த நாள் மத்தியானம் நான் விறகு பொறுக்கப் போன நேரம், மச்சான் வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த ரைஸ் குக்கரை என் பற்றறியில் கொழுவினான். திரும்பி வந்தபோது சோறு அரை அவியலாக நின்றது. விளக்கு இல்லை. குளிர்ப்பெட்டி செத்திருந்தது. இரண்டு பற்றறியும் ஒன்றாகப் பிணைத்திருந்ததால் லொறியும் செத்திருந்தது.

"அடேய், அடுப்பு இருக்கேக்கை உனக்கென்னத்துக்கடா குக்கர்?"

"அத்தான், நீங்கள்தானே சொன்னியள், இந்த வண்டியிலை இல்லாத வசதியில்லை எண்டு."

லொறி சரிவில்தான் நின்றது, காலையில் உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம் என்றேன். அவசரம் மருந்துக்குத்தான். வெயில் இன்னும் சுட்டது. ஏரித்தண்ணீர் ஐஸ்போல இருந்தது. மச்சானின் மருந்துக் குப்பிகளையும் ஊசிகளையும் தடித்த பொலித்தீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, உள்ளே ஒரு கல்லும் வைத்து, நைலோன் கயிற்றில் தண்ணீருக்குள் இறக்கினேன். கயிற்றின் மற்ற நுனி கரையில் ஒரு மரத்தில். அந்த முடிச்சை நான் துறைமுகத்தில் பழகினேன். என் முடிச்சு அவிழ்ந்ததாக எவரும் சொன்னதில்லை. மாலை ஊசிக்கு இழுத்து எடுத்தோம், சில்லென்று வந்தது. திரும்ப இறக்கினேன்.

விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் உலகத்தைக் காணவில்லை. பனிப்புகார் வாசற்படிவரை வந்து நின்றது. தடவித் தடவிக் கரைக்குப் போய்க் கயிற்றை இழுத்தேன். பாரமில்லாமல் வந்தது. நுனியில் என் முடிச்சு நான் போட்டபடியே இறுக்கமாக இருந்தது. முடிச்சுக்குள் பையின் கழுத்து இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பொலித்தீன் துண்டுகூட இல்லை. யாரோ முடிச்சை அவிழ்த்து, பையை எடுத்து, பிறகு அதேபோலக் கட்டிவைத்ததுபோல இருந்தது.

மச்சான் கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தான். முதல் தடவையாக அவனுக்குப் பகிடி வரவில்லை.

"மீன் கடிச்சிருக்கும்" என்றேன்.

"ஓம். மீனுக்கும் சீனி வருத்தமாக்கும்" என்றான் பிறகு. குரல் மெலிந்திருந்தது. காலை ஊசி போய்விட்டது. மாலை ஊசிக்குள் ஒரு மருந்துக் கடையைக் காணவேண்டும். ஊசி தவறினால் அவனுக்கு என்ன நடக்கும் என்று மூவருக்கும் தெரியும். முன்பு ஒருமுறை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்திருக்கிறான். மனைவி அப்போது அவன் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சாமான்களை அள்ளிப் போட்டோம். மனைவி அரை அவியல் சோற்றில் ஒரு பிடி எடுத்து, கரையில் இருந்த தட்டைக் கல்லில் வைத்தாள். காகத்துக்கு வைக்கிற கை, காகமில்லாத இடத்திலும் சும்மா இருக்காது. பிறகு ஏரிப் பக்கம் திரும்பி, யார் வீட்டு விறாந்தையிலோ விடைபெறுகிறவள்போல, "அப்ப, போட்டு வாறம்" என்றாள்.

லொறியை உருட்டினேன். ஒரு குலுக்கலில் இஞ்சின் பிடித்தது. செத்த பற்றறியோடு ஓடுகிற லொறி, நிறுத்தினால் மறுபடி எழும்பாது. "இனி மருந்துக் கடை வாசலிலைதான் நிப்பாட்டுவன்" என்று சொன்னேன்.

வரும்போது ஏரி இடக்கை என்றால், போகும்போது வலக்கை. ஆனால் ஏரியும் இல்லை, காடும் இல்லை, லொறியின் மூக்குக்கு முன்னால் ஒரு துண்டு மண் மட்டும் இருந்தது. ரோட்டுப் பிரிவுகள் புகாருக்குள்ளிருந்து வந்து, என்னிடம் கேட்காமலே பின்னால் போயின. நான் மெதுவாக, கண்ணை எடுக்காமல் ஓட்டினேன். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு வெளி தெரிந்தது. தார் ரோடு வந்துவிட்டது என்றேன்.

முன்னால் ஒரு தட்டைக் கல். கல்லின்மேல் ஒரு பிடி சோறு.

சோற்றில் ஒரு எறும்பு, ஒரு இலையான் இல்லை. வைத்தபடி இருந்தது.

"வேறை ஆரும் காம்பிங் வந்திருப்பினம்" என்றான் மச்சான்.

"அரை அவியல் சோத்தோடையோ?" என்று கேட்டாள் அக்காக்காரி.

அவன் இறங்கி ஒன்றுக்குப் போனான். திரும்பி வந்து ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். தாகமும் அடிக்கடி இறங்குவதும் சீனி ஏறுகிற அடையாளம். நான் பார்க்காததுபோல ஸ்டியரிங்கைத் திருப்பினேன். மச்சான் தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான் செய்தானோ என்னவோ, ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டி, "சரி, அப்ப வாறம்!" என்று கூவினான்.

அக்கரையிலிருந்து உடனே குரல் வந்தது. வா... றி... யோ.

இரண்டாம் தரம் நான் வழியை மாற்றினேன். முதலில் நேரே போன பிரிவில் திரும்பினேன், திரும்பிய பிரிவில் நேரே போனேன். மனைவி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள். மச்சான் கைத்தொலைபேசியைக் கூரைக்கு உயர்த்திப் பிடித்தான், அது காட்டுக்குள் வந்ததிலிருந்து ரோச் லைட்டுக்குத்தான் உதவியது. அவனுடைய நெற்றி ஈரமாக இருந்தது. பகிடிகள் நின்று, பிறகு பேச்சும் நின்றது. அவன் பேசாமல் இருந்ததை என் காலத்தில் நான் கண்டதில்லை, அது எனக்குப் புகாரைவிடப் பயமாக இருந்தது.

மறுபடியும் அதே வெளி. இந்தத் தரம் எதிர்ப்பக்கத்தால் வந்து சேர்ந்தோம். கல்லில் சோறு இல்லை. கல் முழுவதும் புகாரில் நனைந்து கறுத்திருந்தது, சோறு இருந்த இடம் மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தது, இப்போதுதான் யாரோ எடுத்ததுபோல.

இஞ்சினை ஓடவிட்டு, சில்லுக்குக் கல் கொடுக்க இறங்கினேன். அப்போது லொறியின் பக்கவாட்டைப் பார்த்தேன். ஈரத்தில் என் வெள்ளை மை கண்ணாடிபோல ஆகியிருந்தது. மூடிய நாலு எழுத்தும் உள்ளிருந்து எழும்பி வந்து நின்றன. பாண் என்று வாசிக்கப் பார்த்தேன். நோவு என்றுதான் வாசிக்க வந்தது. உள்ளே ஏறி அதைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை.

எண்ணெய் முள் கீழே சாய்ந்திருந்தது. மனைவி தம்பியின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

"நான்தான் சொல்லிப்போட்டன்" என்றாள்.

"என்னத்தை?"

"போட்டு வாறம் எண்டு. இவனும் வாறம் எண்டான். வாறம் எண்டா வரத்தானே வேணும். அது கேட்டுக்கொண்டு நிண்டிருக்கு."

"எது?"

"எது எண்டு கேளாதேங்கோ."

விஞ்ஞானம் தெரிந்தவர்கள் இங்கே சிரிக்கலாம். நானும் பகல் வெளிச்சத்தில், தார் ரோட்டில் என்றால் சிரித்திருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆட்கள் எந்த வாசலை விட்டு இறங்கினாலும் 'போறன்' என்று சொல்வதில்லை. செத்த வீட்டில் சொல்லாமல் இறங்குவோம், மற்ற இடத்தில் 'வாறன்' என்று இறங்குவோம். போறன் என்றால் ஒரேயடியாகப் போவது. குழந்தை அறியாமல் சொன்னாலும் வாயில் ஒரு தட்டு விழும். திரும்பி வருவதாகச் சொல்லிச் சொல்லியே உலகம் முழுக்கப் போனவர்கள் நாங்கள். அந்த ஏரிக்கு யாரும் அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

"அப்ப வராமல் போறதெண்டு சொல்லவேணும்" என்றேன்.

மனைவி எட்டி என் வாயைப் பொத்தினாள்.

"விசரோ உங்களுக்கு? ஊசியில்லாமல் ஒருத்தன் கிடக்கிறான். அந்தச் சொல்லை இப்ப சொல்லுறதோ?"

மடியிலிருந்து மச்சான் மெல்லச் சொன்னான், "அத்தான், சொல்லாதேங்கோ. சொன்னா அது எனக்குத்தான் வந்து ஒட்டும். நான்தான் பாதி வழியிலை நிக்கிறன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. 'நாங்கள் போறம்' என்று சொன்னால் மூவரையும் சேர்த்துச் சொன்னதாகும். மூவரில் யார் ஆகத் தளர்ந்து கிடக்கிறானோ அவனில்தான் சொல் முதலில் ஏறும். படிப்பில்லாதவன் என்று என்னைச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த நேரம் அந்த லொறிக்குள் இலக்கணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கதவைத் திறந்து இறங்கினேன். கல்வரை நடந்தேன். புகார் என் முழங்காலுக்குக் கீழே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டது, என் கால்களை நான் காணவில்லை. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மிக அருகில், நான் கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், ஏதோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. இரும்பை எரித்து வெட்டுகிறவன், மூன்றாம் மாடிக்கு வெளியே ஒரு பலகையில் நின்று வேலை செய்தவன், அன்றைக்கு ஒரு சொல்லைச் சொல்ல மூன்று தரம் வாயைத் திறந்து மூடினேன்.

பிறகு சொன்னேன். "நான் போறன்."

போறம் இல்லை. போறன். எனக்கு மட்டும்.

ஒன்றும் நடக்கவில்லை. இடி இல்லை, காற்று இல்லை. அக்கரைக் குரலும் இல்லை. அது அன்று பிறகு கத்தவே இல்லை.

லொறியில் ஏறி ஓட்டினேன். எங்கே திரும்பினேன் என்று எனக்கு நினைவில்லை, கை திரும்பிய இடத்தில் திரும்பினேன். தான் தலையைத் தூக்கி 'இடப்பக்கம்' என்று சொன்னதாக மச்சான் இன்றைக்கும் சொல்கிறான். எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புகாருக்குள்ளிருந்து மரக்குற்றிகள் ஏற்றிய பெரிய லொறி ஒன்று விளக்கோடு வந்து எங்களைக் கடந்தது. அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே தார் ரோட்டுக்கு வந்தோம்.

ஊர் சின்னது, தேவாலயத்துக்கு எதிரே மருந்துக் கடை. இஞ்சினை நிறுத்தாமல் வாசலில் விட்டு, நானும் மனைவியும் மச்சானைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனோம். வெள்ளை மேலங்கி போட்ட பெண், அவனுடைய முகத்தைப் பார்த்ததுமே மேசைக்கு இப்பால் வந்துவிட்டாள். விரலில் குத்திப் பார்த்தாள், எங்கேயோ தொலைபேசியில் கதைத்தாள், ஊசியைக் கொடுத்து அங்கேயே போடச்செய்தாள். கதிரையில் இருத்தி அவன் நிறம் திரும்பும்வரை விடவில்லை. அவனுக்கு நிறம் வந்ததும் முதலில் வந்தது வாய்தான்.

"அக்கா, இவளுக்கும் மிளகாய்த்தூள் கதிரை ஒண்டு குடுப்பமோ?"

மனைவி சிரித்தாள், பிறகு சேலைத்தலைப்பால் முகத்தை மூடி அழுதாள்.

வெளிக்கிடும்போது அந்தப் பெண் "ஒ ரெவ்வார்" என்றாள். தினம் காதில் விழுகிற சொல்தான், அதற்கு நேர் அர்த்தம் என்ன என்று மச்சானிடம் கேட்டேன்.

"திரும்பக் காணுவம் எண்டு. எங்கடை போட்டு வாறன்தான் அத்தான்."

"மெர்சி" என்று நன்றி மட்டும் சொல்லி இறங்கினேன்.

வெயில் இருக்கும்போதே லாசாலுக்கு வந்துவிட்டோம். சாமான் இறக்க லொறியின் பின்கதவுக்குப் போனேன். பின்படியில், தகரத்தின்மேல், ஒரு பிடி சோறு இருந்தது. அரை அவியல். அத்தனை மேடுபள்ளத்திலும் ஒரு பருக்கை சிந்தாமல், கையால் வைத்ததுபோல. மச்சான்தான் பகிடிக்கு வைத்தான் என்று நினைத்து அவனைப் பார்த்தேன். அவன் முன்கதிரையில் நித்திரையாக இருந்தான். சோற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

லொறியைப் பிறகு விற்றுவிட்டேன். எழுத்துகளை இரும்புவரை சுரண்டிவிட்டுத்தான் விற்றேன்.

மச்சான் இப்போதும் நன்றாக இருக்கிறான், பேரப்பிள்ளை கண்டுவிட்டான். விருந்து நடக்கிற வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான். அவன் சொல்லும்போது இடப்பக்கம் திரும்பச் சொன்னது அவன். மனைவி சொல்லும்போது காப்பாற்றியது பிள்ளையார், தேங்காயும் உடைத்துவிட்டாள். இரண்டு பேரும் என் பங்குக்கு வரும்போது, "அத்தான் ஏரியைப் பார்த்துப் 'போறம்' எண்டு கத்தினார்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். பிள்ளைகளும் பிரெஞ்சு கலந்து அதையே சொல்கிறார்கள்.

படிக்கட்டுக்கு என் பெயர் வேண்டாம். புகைக்கூண்டுக்கு வேண்டாம். தள்ளுவண்டியை மேலாளே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இதை விடமாட்டேன். நான் 'போறம்' என்று சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் அதற்குள் சேர்க்கவில்லை. அந்தச் சொல்லைத் தனியாக என் தலையில் எடுத்துக்கொண்டேன், இன்னும் அது என் தலையில்தான் இருக்கிறது. மனைவி ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று 'வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ' என்கிறாள், சொல்கிறேன், ஆனால் முதலில் சொன்னது முதலில் சொன்னதுதான்.

ஆகவே இனி இந்தக் கதையை யார் எந்த வீட்டில் சொன்னாலும் அந்த இடத்தில் நிறுத்தி, 'ம்' என்று முடிக்காமல் 'ன்' என்று முடியுங்கள். அந்த 'ன்' என்னுடையது.